சொல் உதிர்ந்த பாடல்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பியபோது, மாடி அறையிலிருந்து ஓர் இசை கீழிறங்கி வந்துகொண்டிருந்தது. வயலினைவிடத் தாழ்ந்து, மனிதக் குரலுக்கு மிக அண்மையில் ஒலிக்கும் செல்லோ என்னும் நரம்புக் கருவியின் இசை. ஒன்றன்று, நான்கு செல்லோக்கள். தொடக்கத்தில் ஒன்று தயங்கித் தயங்கிப் பேசியது. மற்றவை ஒவ்வொன்றாக அதன் அருகே வந்து சேர்ந்துகொண்டன. பின்னர் எல்லாம் கூடி, பூட்டிய கதவை உள்ளிருந்து தட்டுவதுபோல் ஒரே தாளத்தில் இடிக்கத் தொடங்கின. ஐரோப்பிய மேதை எவரோ இறந்தோருக்காக இயற்றிய இசை என்று எண்ணி, படிக்கட்டில் நின்றவாறே முழுவதையும் கேட்டேன். தவக்காலத்துக்குப் பொருத்தமானதைத்தான் பிள்ளை கேட்கிறான் என்று மனத்துக்குள் மகிழ்ந்தும் கொண்டேன்.

அறையில் இருந்தவன் என் தங்கையின் மகன். எங்களுடன் தங்கிக் கல்லூரியில் பயில்பவன். "யாருடைய இசை, தம்பி?" என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கினான். "கோபப்படாதீங்க மாமா. போன வருஷம் நீங்க நிறுத்தச் சொன்னீங்களே, அதே பாட்டுதான். இதுல பாடுறவங்க இல்ல, அவ்வளவுதான்" என்றான்.

நான் நிறுத்தச் சொன்னது உண்மை. "பேய்க் கூச்சல்" என்று சொன்னதும் உண்மை. பாடல் ஒன்றுதான் என்றால், அன்று நான் வெறுத்தது எதை? இன்று நான் போற்றியது எதை? சொற்கள் நீங்கியதால் பாடல் தூய்மை அடைந்துவிட்டதா? அல்லது கிட்டாரின் இடத்தில் செல்லோ வந்ததால் என் காது ஏமாந்துவிட்டதா? சிறியதாகத் தொடங்கிய இவ்வினா, நான் எதிர்பாராத ஓர் இடத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்தியது. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

அந்த இசைத்தொகுப்பு 'அபோகலிப்டிகா' என்னும் பின்லாந்துக் குழுவினுடையது. ஹெல்சின்கி நகரிலுள்ள சிபேலியுஸ் இசைக் கழகத்தில் செல்லோ பயின்ற மாணவர் நால்வர் 1993-ஆம் ஆண்டு ஒன்றுசேர்ந்தனர். வகுப்பறையில் மரபிசையைப் பயின்ற அவர்கள், தாங்கள் இளமையிலிருந்தே நேசித்த அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிக்காவின் பாடல்களைத் தம் செல்லோக்களில் வாசித்துப் பார்த்தனர். விளையாட்டாகத் தொடங்கிய அம்முயற்சி 1996-இல் எட்டுப் பாடல்கள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தது. அதில் கிட்டார் இல்லை, மேளம் இல்லை, பாடகரும் இல்லை. நான்கு செல்லோக்களே எல்லாம். அதன் இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, அவ்வெட்டுப் பாடல்களையும் மீண்டும் மேடை மேடையாக வாசித்து, அந்நேரடி நிகழ்ச்சியின் பதிவை 2018-இல் வெளியிட்டனர். ஈக்கா தொப்பினென், பாவோ லோத்யோனென், பெர்த்து கிவிலாக்சோ ஆகியோருடன், முன்னரே குழுவிலிருந்து விலகியிருந்த அந்தேரோ மன்னினெனும் இதற்காகத் திரும்பி வந்தார். பழைய எட்டுப் பாடல்களைத் தொடர்ந்து வேறு பாடல்களும் இடம்பெற்றன.

நரம்புக் கருவியாளர் ராக் இசையை வாசிப்பது இவர்களோடு தொடங்கியதன்று. அமெரிக்காவில் 1973-இல் தோன்றிய குரோனோஸ் நால்வர் குழு, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் புகழ்பெற்ற பாடல் ஒன்றை 1986-இல் இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற மரபான அமைப்பிலேயே பதிவு செய்தது. ஆனால் ராக் இசையிலேயே மிகக் கடுமையானதெனக் கருதப்படும் 'ஹெவி மெட்டல்' வகையை, அதுவும் செல்லோக்களை மட்டும் கொண்டு வாசித்தவர்கள் என்பதே பின்லாந்து இளைஞர்களின் தனித்தன்மை.

குழுவின் பெயரும் நம் கவனத்துக்குரியது. மெட்டாலிக்கா என்ற பெயரையும், நம் விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டின் கிரேக்கப் பெயரையும் இணைத்து உருவாக்கியது அது. உலகின் முடிவையும் பேரழிவையும் குறிக்கவே இன்று அச்சொல்லைப் பலர் பயன்படுத்துகின்றனர். அதன் மூலப்பொருளோ திரையை விலக்கிக் காட்டுதல் என்பதாகும்.

*

இனி வினாவுக்கு வருவோம். இசையின் ஒழுக்கம் எதில் இருக்கின்றது? சொல்லிலா, ஒலியிலா?

சொல்லில்தான் என்பது ஒரு தரப்பு. கிரேக்க மெய்யியலார் பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலில், சொல் இல்லாது யாழையும் குழலையும் தனியே இசைக்கும் வழக்கத்தைக் குறைகூறுகின்றார். சொல் இல்லாதபோது அவ்விசை என்ன பொருளைச் சுட்டுகின்றது என்று யாரால் கூற இயலும் என்பது அவர் கவலை. திருச்சபையிலும் இக்கவலை இருந்தது. புனித அகுஸ்தினார், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிடும் நூலின் பத்தாம் பகுதியில், செவியின்பம் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் முறையே தம் உள்ளத்தை அதிகம் கவர்ந்த வேளைகளில் தாம் குற்றம் புரிந்ததாகவே உணர்கின்றார். திருப்பாடல்களைப் பாட்டென்று சொல்வதைவிட வாசிப்பென்று சொல்லுமளவுக்கு மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தோடு ஓதச் செய்த அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியாரின் வழியே பாதுகாப்பானதோ என்றும் எண்ணுகின்றார். ஆனால் மனமாற்றத்தின் தொடக்க நாள்களில் கோவிலில் கேட்ட பாடல்கள் தம் கண்களில் வருவித்த கண்ணீரை நினைத்ததும் மீண்டும் இசையின் பக்கம் சாய்கின்றார். இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதை மறைக்காத அவரது நேர்மை நமக்கு ஆறுதல் அளிக்கின்றது.

ஒலியில்தான் என்பது மறுதரப்பு. இதற்கும் பிளேட்டோவே முன்னோடி. தம் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில், புலம்பலையும் சோம்பலையும் தூண்டும் பண்முறைகளை நகரிலிருந்தே விலக்கச் சொல்கின்றார். அங்கே சொல்லோடு பண்ணும் குற்றக்கூண்டில் ஏறுகின்றது. நம் காலத்தில் இத்தரப்பை வலிமையாக எடுத்துரைத்தவர், பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த திருவழிபாடு பற்றிய தம் நூலில், ராக் இசை அடிப்படை உணர்ச்சிக் கொந்தளிப்புகளின் வெளிப்பாடு என்றும், பெருந்திரள் விழாக்களில் அது கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எதிரான ஒரு வழிபாட்டுத் தன்மையையே அடைந்துவிடுகின்றது என்றும் எழுதுகின்றார். தாளம், பேரிரைச்சல், ஒளி விளையாட்டு ஆகியவற்றின் தாக்குதலில் மனிதன் தன்னை மறந்து கூட்டத்தில் கரைந்துபோகிறான் என்பதே அவர் காணும் ஆபத்து.

இதை முதியவர் ஒருவரின் எரிச்சல் என்று தள்ளிவிட இயலாது. அவரே மோட்சார்ட்டை நேசித்துப் பியானோ வாசித்தவர்; இசையின் ஆற்றலை உள்ளிருந்தே அறிந்தவர். 1997 செப்டம்பரில் இத்தாலியின் பொலோஞா நகரில் நடந்த நற்கருணை மாநாட்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் பாப் டிலன் பாடினார். திருத்தந்தையோ டிலனின் பாடலில் வரும் காற்றையே எடுத்துக்கொண்டு இளைஞருக்குத் தூய ஆவியாரைப் பற்றி உரையாற்றினார். அந்நிகழ்வு குறித்துத் தமக்கிருந்த ஐயத்தைப் பிற்காலத்தில் ராட்சிங்கர் எழுத்தில் பதிவு செய்தார். ஒரே மேடையைப் பற்றித் தூயவர்களும் அறிஞர்களும் இருவேறு விதமாக எண்ணக்கூடும் என்பதற்கு இது சான்று.

*

சொல்லே எல்லாம் என்றால், அபோகலிப்டிகா மெட்டாலிக்காவைக் கழுவித் தூய்மைப்படுத்திவிட்டது என்று சொல்ல வேண்டும். ஆனால் அத்தொகுப்பின் முதற்பாடலையே பாருங்கள். குழந்தையின் உறக்கத்தையும் இரவின் அச்சத்தையும் பற்றிய அப்பாடலின் நடுவே, ஆங்கிலம் பேசும் குழந்தைகள் படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் பழைய இரவுச் செபம் ஒன்று வருகின்றது. செல்லோ வடிவில் அச்சத்தின் சொற்களோடு செபத்தின் சொற்களும் சேர்ந்தே உதிர்ந்துவிடுகின்றன. களையைப் பிடுங்கியபோது கோதுமையும் வந்துவிட்டது! அதே தொகுப்பில் வேறொரு பாடல், எகிப்தின் தலைப்பேறுகள் மாண்ட இரவைப் பற்றியது. விடுதலைப் பயண நூலில் நாம் பாஸ்கா இரவுக்கெனக் காத்து வைத்திருக்கும் அதே நிகழ்வு. சொல் நீங்கிய பின், அது எந்த இரவைப் பற்றியது என்று கேட்பவர் அறிய வழியில்லை.

ஒலியே எல்லாம் என்றால், எதிர்த்திசையிலிருந்து ஒரு சிக்கல் எழுகின்றது. அதே பின்லாந்தில் லூத்தரன் சபையினர் 2006 முதல் 'மெட்டல் திருவழிபாடு' ஒன்றை நடத்தத் தொடங்கினர். சபையின் பழைய பாமாலைச் சொற்கள் அப்படியே இருக்க, அவற்றின் அடியில் ஹெவி மெட்டல் இசை முழங்கும். ஒரே நாட்டில், ஒருசாரார் மெட்டல் பாடலிலிருந்து சொல்லை நீக்கினர். மற்றொருசாரார் மெட்டல் ஒலியின்மேல் இறைப்புகழின் சொல்லை ஏற்றினர். ஒலி மட்டுமே பொருளைத் தீர்மானிக்கும் என்றால், அங்கே பாமாலை பாடிய ஆயிரவர் வழிபடவே இல்லை என்று நாம் தீர்ப்பிட வேண்டியிருக்கும். அத்தீர்ப்பை வழங்க எனக்குத் துணிவில்லை.

ஒலியை உற்று நோக்கினால் வேறொரு வியப்பும் காத்திருக்கின்றது. ஹெவி மெட்டல் கிட்டாரின் இடிமுழக்கத்துக்கு அடிப்படை, இரண்டு சுரங்களின் கூட்டு. நம் மொழியில் சொன்னால் சட்சமும் பஞ்சமமும். தம்புராவில் நாம் நாள்தோறும் கேட்கும் அதே 'ச-ப'. செல்லோவின் நான்கு நரம்புகளும் ஒன்றுக்கொன்று இந்தப் பஞ்சம இடைவெளியிலேயே சுருதி கூட்டப்பட்டவை. அடுத்தடுத்த இரு நரம்புகளில் குறுக்கே ஒரு விரலை வைத்தாலே மெட்டலின் அடிப்படை ஒலி பிறந்துவிடும். வில்லின் கைப்பிடிப் பக்கத்தால் அழுத்தி, குட்டை குட்டையாக இழுத்தால் கிட்டாரின் உறுமல் வந்துவிடும். ஒருவர் பாடகரின் மெட்டை வாசிக்க, மற்றவர்கள் இவ்வுறுமலைப் பகிர்ந்துகொள்கின்றனர். இதே பஞ்சம இணைப்பில்தான் ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவியரும் கிரகோரியன் பாடலுக்கு இரண்டாம் குரலைச் சேர்த்தனர். துறவு மடத்தில் ஒலித்தபோது விண்ணக இசை, மேடையில் ஒலித்தபோது பேய்க் கூச்சல் என்றால், வேறுபாட்டை அச்சுரக் கூட்டில் மட்டும் தேடுவது வீண்.

*

அப்படியாயின் பொருள் எங்கே இருக்கின்றது? அதன் பெரும்பகுதி கேட்பவரின் நினைவில் இருக்கின்றது என்று நான் எண்ணுகிறேன். நேரடி நிகழ்ச்சிகளில் இது கண்கூடு. மேடையில் பாடகர் இல்லை. ஆனால் மெட்டு தொடங்கியதும் அவையினர் பாடுகின்றனர். மேடையில் உதிர்ந்த சொல் அவையில் முளைக்கின்றது. பாடலை அறிந்த என் மருமகன் கேட்டது ஒரு பாடல். அறியாத நான் படிக்கட்டில் நின்று கேட்டது வேறொரு பாடல்.

நம் திருச்சபையின் வரலாறு இதை நன்கு அறியும். பதினைந்தாம் நூற்றாண்டில் 'ஆயுதம் தாங்கிய மனிதன்' என்றொரு பிரெஞ்சுப் பாடல் மக்களிடையே வழங்கியது. அவனுக்கு அஞ்சுங்கள் என்று எச்சரிக்கும் போர்க்காலப் பாட்டு அது. அதன் மெட்டை அடித்தளமாகக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட திருப்பலி இசைகள் இயற்றப்பட்டன. ஆசையைத் தூண்டும் இசையைக் கோவிலிலிருந்து விலக்குமாறு திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562-இல் பணித்த பின்னரும், பலெஸ்த்ரீனா அம்மெட்டின்மீது இரண்டு திருப்பலி இசைகளை வெளியிட்டார். இரண்டாவதை 1582-இல் வெளியிட்டபோது பாட்டின் பெயரைச் சொல்லாமல் 'நான்காம் திருப்பலி' என்று மட்டும் தலைப்பிட்டார். பெயர் மறைந்தது, மெட்டு நின்றது. இவ்வாறே, ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட காதற்பாட்டு ஒன்றின் மெட்டு, முள்முடி சூடிய ஆண்டவரின் திருமுகத்தைப் பாடும் பாடுகளின் கீதமாக மாறியது. அதைப் பாடி அழுகின்றவர்களுள் எத்தனை பேருக்கு அந்தக் காதலியின் நினைவு வரும்? தலைமுறைகள் கடக்கும்போது மெட்டு தன் பழைய வீட்டை மறந்து புதிய வீட்டில் குடியேறிவிடுகின்றது.

வயலினின் கதையும் இதுவே. ஐரோப்பியரோடு சென்னைக்கு வந்த அக்கருவியைப் பாலுசாமி தீட்சிதர் (1786-1858) கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று அதை அந்நியக் கருவி என்று நம்மில் எவரும் சொல்வதில்லை.

*

எனினும் நினைவு ஒன்றே முழு விடையாகிவிடாது. என் நினைவில் ஏதும் இல்லாமலேயே அன்று மாலை நான் அசைக்கப்பட்டேன். சிலுவைப்பாதையின் துயரத்தோடு அவ்விசை தானாக இணைந்துகொண்டது. அது எதைப் பற்றிய பாடல் என்று மருமகனிடம் கேட்டேன். அவன் சொன்ன விடை என்னைச் சுட்டது.

1988-இல் மெட்டாலிக்கா வெளியிட்ட அப்பாடல், டால்ட்டன் டிரம்போ 1939-இல் எழுதிய புதினம் ஒன்றைத் தழுவியது. முதல் உலகப் போரில் குண்டு வீச்சில் சிக்கிய இளம் அமெரிக்க வீரன் ஒருவன் மருத்துவமனையில் கிடக்கிறான். கைகள் இல்லை, கால்கள் இல்லை, முகமே இல்லை. கண், காது, நாக்கு எல்லாம் போயின. அறிவு மட்டும் முழுமையாக விழித்திருக்கிறது. தன்னுடலே சிறையாகிவிட்ட அவன், இளமையில் கற்ற தந்திக் குறியீட்டால், தலையைத் தலையணையில் இடித்து இடித்துப் பேச முயல்கிறான். அதை வலிப்பு என்று எண்ணுகின்றனர். டிரம்போ 1971-இல் தம் புதினத்தைத் தாமே திரைப்படமாக இயக்கினார். அதன் காட்சிகளை மெட்டாலிக்கா தன் பாடலின் ஒளிப்படத்தில் சேர்த்துக்கொண்டது.

பாடலின் முடிவில் இடிமுழக்கமாக வரும் அந்தத் தாளம், நான் சென்ற ஆண்டு பேய்க் கூச்சல் என்றது, ஒரு மனிதன் தலையால் இடித்துக் கேட்கும் கதவாகவே இப்போது எனக்கு ஒலித்தது! வாயில்லாத ஒருவனைப் பற்றிய பாடல் அது. அவனுக்காக ஒரு பாடகர் சொற்களில் பேசினார். செல்லோக்களோ அச்சொற்களையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டு, அவன் உண்மையில் இருந்த நிலையிலேயே, சொல்லற்றவனாகவே அவனை நம் முன் கிடத்துகின்றன.

அப்பாடலில் அவன் சாவைக் கேட்கிறான். கத்தோலிக்கர் ஆகிய நாம் அதை எப்படிக் கேட்பது? சாவு கேட்பவனின் குரலுக்குச் செவிகொடுப்பது வேறு. கேட்டதைக் கொடுப்பது வேறு. விவிலியம் முன்னதை அஞ்சவில்லை. யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கப்பட்டுள்ளது. 88-ஆம் திருப்பாடல் ஒளியின் கீற்று ஏதுமின்றி இருளிலேயே முடிகின்றது. திருச்சபை அதை வெட்டி எறியாமல், இரவு மன்றாட்டில் நம் வாயிலேயே வைத்திருக்கின்றது. அந்நம்பிக்கை முறிந்த ஒலத்தைக் கேட்க மறுப்பவன், அதற்குப் பின்வரும் ஆறுதலைச் சொல்லும் தகுதியையும் இழக்கிறான்.

புதினத்தில் ஒரு காட்சி உண்டு. புதிதாக வந்த செவிலி ஒருவர், அவன் உணர்வானோ என்று எண்ணி, அவனது மார்பின் மீது விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதுகிறார். அது கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. நெடுங்காலத்துக்குப் பின் ஒரு மனிதச் சொல் அவனை அடைகின்றது. காது வழியாக அன்று, தசை வழியாக. வாக்கு மனிதர் ஆனார் என்று அறிக்கையிடும் நாம் இக்காட்சியை எளிதில் கடந்துபோக முடியாது.

சொல் நின்ற இடத்தில் இறைவேண்டலும் நின்றுவிடுவதில்லை என்பது நம் மரபு. எப்படி வேண்டுவது என்று நாம் அறியாதபோது, சொல்லில் அடங்காத பெருமூச்சுகளால் தூய ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகின்றார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுலடியார் கற்பிக்கின்றார். செவியின்பத்துக்கு அஞ்சிய அதே அகுஸ்தினார், 33-ஆம் திருப்பாடலுக்கு எழுதிய விளக்கத்தில், அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் பாடுவோரைக் காட்டுகின்றார். அவர்கள் சொற்களோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி மிகும்போது சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலாலேயே ஆர்ப்பரிக்கின்றனர். சொல்லில் அடங்காத இறைவனுக்கு அதுவே ஏற்ற பாடல் என்கின்றார். மகிழ்ச்சிக்குச் சொல் போதாது என்றால், துயரத்துக்கு மட்டும் போதுமா?

ஆகவே இசையை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. அதை ராட்சிங்கரிடமிருந்தே பெறலாம். மனிதன் தன்னைத் தொலைத்துக் கூட்டத்தில் கரைவதே ஆபத்து என்றார் அவர். தன்னைத் தொலைப்பதும் தன்னைக் கடப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். தொலைப்பவன் அடுத்தவரைக் காண்பதில்லை. கடப்பவன் அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறான். கேட்டு முடிந்தபின் என் செவி பிறர் துயரத்துக்குக் கூர்மையானதா, மழுங்கியதா? இவ்வினாவைச் செல்லோவிடம் மட்டுமன்று, ஆலயத்து ஆர்கனிடமும் கேட்க வேண்டும். மழுங்கச் செய்யும் பக்திப் பாடல்களும் உண்டு. இவ்வாறு சொல்வதால் நல்லிசை யாவும் பலிபீடத்துக்கு உரியதென்று ஆகிவிடாது. வீட்டில் கேட்கத் தகுந்தது வேறு, திருப்பலியில் சேர்க்கத் தகுந்தது வேறு. இரண்டாவதை முடிவு செய்யத் திருச்சபைக்கு நெறிகள் உண்டு.

*

இவ்வளவில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் முதலில் எழுந்த வினாவில் ஒரு பாதி எஞ்சியிருக்கின்றது. அன்று என் காதை ஏமாற்றியது எது? சொல் இல்லாமை மட்டுமன்று. கருவியின் மதிப்பு. செல்லோ என்றதும் அரங்கம், கோட்டு, கற்றோர் அவை என்று என் மனம் எழுந்து நின்றது. கிட்டார் உறுமியபோது அதே மனம் முகம் சுளித்தது. ஒலியைக் கேட்குமுன் ஒலிப்பவரின் குலத்தை விசாரித்த காது அது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு முதியவர் இறந்தார். உறவினர் பறை முழங்க அவரைச் சுமந்து வந்தனர். கோவில் வாசலில் பறை நிறுத்தப்பட்டது. நிறுத்தச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். ஆலயத்தின் அமைதியைக் காரணம் காட்டினேன். கோவிலில் மேளம் முதலிய இரைச்சற் கருவிகள் கூடாதென்று 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பணித்ததையும் எங்கோ படித்த நினைவில் எடுத்துச் சொன்னேன். அதே ஆணை பியானோவையும் விலக்கியது என்பதை அன்று நான் சொல்லவில்லை. ஆலயத்துக்குத் தகுந்த, அல்லது தகுந்ததாக்கக்கூடிய பிற கருவிகளையும் ஏற்கலாம் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டின் 120-ஆம் எண்ணில் கூறியதையும், அதற்கு முந்தைய எண்ணில் மறைபரப்பு நாட்டு மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கப் பணித்ததையும் நான் நினைவுகூரவில்லை. ஆண்டுதோறும் தேர்பவனியில் பாண்டு வாத்தியத்தின் பெரிய மேளம் அதே வாசல்வரை அதிர்ந்து வருவதையும் நான் எண்ணவில்லை. அந்த மேளத்தை அடிப்பவரிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை. பறையை அடிப்பவரிடம் மட்டும் கேட்டோம். அமைதி என்று நான் சொன்னதற்குள் சாதி மறைந்திருந்தது. சாவின் துயரத்தைச் சொல்லின்றிச் சொல்ல அம்மக்களிடம் இருந்த ஒரே குரலை, அவர்கள் சாவு வீட்டின் நாளிலேயே நாம் பறித்துக்கொண்டோம்.

பறையடித்த பெரியவர் எதுவும் பேசவில்லை. கருவியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் முழந்தாளிட்டார். ஆர்மோனியம் ஒலித்தது. அதுவும் கடல் கடந்து வந்த கருவிதான்.

நான்கு செல்லோக்கள் வந்து ஒரு பாடலைத் 'தகுதியுள்ளதாக' ஆக்கினால்தான் அதில் கிடக்கும் மனிதனின் ஓலம் எனக்குக் கேட்கும் என்றால், குறை பாடலில் இல்லை. திரை விலக்குதல் என்னும் பொருளுள்ள பெயரைத் தாங்கிய அக்குழு, எனக்கு விலக்கிக் காட்டியது என் செவியின்மீது கிடந்த திரையைத்தான்.

அன்றிரவு மருமகனிடம் மூலப் பாடலைப் போடச் சொன்னேன். கிட்டாரும் மேளமும் சொற்களுமாக முழுவதும் ஒலித்தது. சில இடங்கள் இன்னும் என் காதுக்குக் கரடுமுரடாகத்தான் இருந்தன. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "இப்ப எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான். "வலிக்குது" என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் இருக்கிறார், பறையும் இருக்கிறது. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு முன், அவர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அங்கே என்ன சொற்களைச் சொல்வதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.